சம்மதம் கேட்கும் பெட்டி

இணையத்தில் ஒரு செய்தியைப் படிக்கவோ, ஒரு மருந்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளவோ, வெளியூர்ப் பிரயாணத்துக்கு ஒரு விடுதியை விசாரிக்கவோ புகுகிறவர் எவராயினும், நாடிவந்த விஷயத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, திரையின் பாதியை மறைத்துக்கொண்டு எழும்பும் ஒரு பெட்டியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. 'உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்' என்ற விநயமான வாசகத்தோடு தொடங்கி, குக்கீகளைப் பற்றி நாலைந்து வரிகள் சொல்லி, கீழே 'அக்செப்ட் ஆல்' என்று பளிச்சென்ற நிறத்தில் ஒரு பொத்தானையும், அதன் அருகே மங்கிய எழுத்தில் 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்று இன்னொரு பொத்தானையும் வைத்திருக்கும் அந்தப் பெட்டியை முழுவதும் வாசிக்கிறவர் அபூர்வம். வாசித்துப் புரிந்துகொள்கிறவர் அதனினும் அபூர்வம். வந்த காரியம் நடந்தால் போதும் என்ற அவசரத்தில் பளிச்சென்ற பொத்தானை அழுத்திவிட்டு மேலே செல்கிறவர்களே பெரும்பாலோர். அப்படி அழுத்துகிற கணத்தில் நாம் எதற்குச் சம்மதிக்கிறோம், யாருக்குச் சம்மதிக்கிறோம், மறுத்துவிட்டால் நமக்கு என்ன நஷ்டம் என்பவற்றை ஒரு முறை நிதானமாகத் தெரிந்துகொண்டுவிட்டால், பிறகு அந்தப் பெட்டியின் முன் திகைத்து நிற்க வேண்டிய அவசியம் இராது.

ஞாபகம் இல்லாத ஏற்பாடு

வலைத்தளங்களும், அவற்றைப் பார்ப்பதற்கு நாம் உபயோகிக்கும் பிரௌசர் என்னும் உலாவியும் ஒன்றோடொன்று பேசுவதற்கு எச்.டி.டி.பி. என்ற முறை ஒன்று உண்டு. அதன் சுபாவம் யாதெனில், கேட்ட பக்கத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த விஷயத்தையே மறந்துவிடுவது. அடுத்த கணமே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், கேட்கிறவர் சற்றுமுன் வந்தவர்தானா அல்லது புதியவரா என்பது தளத்தை நடத்தும் சர்வருக்குத் தெரியாது. மக்கள் வெறும் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் படித்துக்கொண்டிருந்த வரையில் இந்த மறதியால் யாருக்கும் குறை உண்டாகவில்லை. இணையத்தில் கடை வைக்கலாம் என்ற எண்ணம் வந்தபோதுதான் சங்கடம் பிறந்தது. ஒருவர் கூடையில் இரண்டு சாமான்களைப் போட்டுவிட்டு மூன்றாவதைத் தேடிப் போனால், முதலில் போட்ட இரண்டும் யாருடையவை என்று கடைக்கு நினைவு இருக்க வேண்டாமா?

1994ஆம் ஆண்டில், எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்காக இப்படி ஒரு கடையை அமைத்துத்தர முற்பட்ட நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தில் வேலை பார்த்துவந்த லூ மாண்டுல்லி என்ற இளைஞர், அந்த ஞாபகத்தைச் சர்வரில் வைப்பதற்குப் பதிலாக வாடிக்கைக்காரருடைய கணினியிலேயே வைத்துவிடலாம் என்ற உபாயத்தைக் கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை எழுதி உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். அந்தக் குறிப்புதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறவரிடம் எண் பொறித்த டோக்கன் ஒன்றைக் கொடுக்கிறார்களே, அதைப் போன்றது இது. டோக்கனைக் கொடுப்பவருக்கு நம்முடைய பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் நம் செருப்பு எது என்பது மாத்திரம் தெரியும். 1994 அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் சோதனைப் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது.

குக்கீ என்பது ஒரு வைரஸோ, தானே இயங்கும் ஒரு புரோகிராமோ அன்று. பெரும்பாலும் நாலு கிலோபைட்டுக்கு மேற்படாத, சில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிதான் அது. வங்கியின் தளத்தில் ஒரு முறை கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்காமல் இருப்பதும், ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போது நாம் பூர்த்தி செய்த விவரங்கள் நடுவில் காணாமற் போகாமல் இருப்பதும், தமிழில் காட்டு என்று ஒரு தடவை சொன்னால் தளம் அதை நினைவில் வைத்திருப்பதும் இதன் உபகாரமே. ஆகையால் குக்கீ என்றதும் பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய இடம் வேறு என்பதை முதலில் அறிய வேண்டும்.

மூன்றாம் தரப்பின் பிரவேசம்

ஒரு தளம் கொடுத்த குக்கீயை அந்தத் தளத்துக்கு மட்டுமே உலாவி திருப்பிக் காட்டும் என்பதுதான் மாண்டுல்லி அமைத்த பாதுகாப்பு. ஆனால் நாம் பார்க்கிற பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வரும். அதன் ஓரத்தில் இருக்கும் விளம்பரப் படம் வேறொரு கம்பெனியின் சர்வரிலிருந்து வரும். அந்தப் படத்தைக் கொண்டுவரும்போது, படத்தை அனுப்பும் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு குக்கீயைக் கொடுத்துவிடலாம் அல்லவா? மறுநாள் நாம் முற்றிலும் வேறான ஒரு சமையல் தளத்துக்குப் போகிறோம். அங்கேயும் அதே விளம்பரக் கம்பெனியின் படம் இருக்கிறது. நேற்று கொடுத்த எண்ணை உலாவி அந்தக் கம்பெனிக்குத் தவறாமல் காட்டிவிடுகிறது. ஊரிலுள்ள எல்லாக் கோயில் வாசலிலும் செருப்புக் காக்கும் குத்தகையை ஒரே ஆசாமி எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஆயுளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, யார் எந்தக் கோயிலுக்கு என்றைக்கு எத்தனை நாழிகை போனார் என்று கணக்கு எழுதிவந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். படம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு புள்ளி அளவில் நிறமற்ற படம் ஒன்றைப் பக்கத்தில் ஒளித்து வைத்தாலே போதும்.

1996இல் தொழில் தொடங்கிய டபிள்கிளிக் என்ற கம்பெனி இந்த முறையைப் பெருவியாபாரமாக வளர்த்தது. பிற்காலத்தில், 2008இல், கூகுள் அதை 310 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது என்றால் அந்த வியாபாரத்தின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். இன்று ஒரு பக்கம் நம் திரையில் விரிவதற்குள், அதிலுள்ள விளம்பர இடம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ஏலம் போய்விடுகிறது. இன்ன வயதுக்காரர், இன்ன ஊர்க்காரர், போன வாரம் சர்க்கரை நோயைப் பற்றிப் படித்தவர், நேற்று வீட்டுக் கடனை விசாரித்தவர் என்று நம்மைப் பற்றிச் சேர்த்து வைத்த குறிப்புகளைப் பார்த்துத்தான் அந்த ஏலத்தில் விலை ஏறுகிறது.

இந்த அபாயத்தை யாரும் முன்கூட்டி அறியவில்லை என்று சொல்வதற்கில்லை. 1996 பிப்ரவரியில் லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய கட்டுரை ஒன்றினால், தங்கள் கணினியில் இப்படியொரு குறிப்பு எழுதப்பட்டுவருகிறது என்பதைப் பொதுமக்கள் முதன்முதலாக அறிந்து திடுக்கிட்டார்கள். மறுவருஷம், 1997 பிப்ரவரியில், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியாளர் குழுவின் சார்பில் டேவிட் கிறிஸ்டலும் அதே மாண்டுல்லியும் சேர்ந்து எழுதிய விதிமுறை, மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் தாமாக ஏற்றுக்கொள்ளலாகாது என்று தெளிவாகவே கூறியது. அக்காலத்தில் ஆதிக்கம் செலுத்திய நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அந்த யோசனையைக் கைக்கொள்ளவில்லை. அன்று உலாவியில் செய்திருக்க வேண்டிய ஒரு சிறு காரியத்தைச் செய்யாமல் விட்டதன் பலனைத்தான் இன்று ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு பெட்டியாக நாம் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் சொன்னதும் வியாபாரம் செய்ததும்

உலாவிகள் செய்யாததை ஐரோப்பிய யூனியன் சட்டத்தால் செய்ய முயன்றது. 2002இல் பிறப்பித்த மின்தொடர்பு அந்தரங்க ஆணையில், குக்கீயை வைக்கலாம், ஆனால் மறுக்கும் உரிமையை மக்களுக்குத் தர வேண்டும் என்று இருந்தது. 2009இல் செய்த திருத்தம், மறுக்கும் உரிமை மட்டும் போதாது, வைப்பதற்கு முன்பே சம்மதம் பெற வேண்டும் என்று விதித்தது. 2018 மே 25 முதல் அமலுக்கு வந்த ஜி.டி.பி.ஆர். என்ற பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி, சம்மதம் என்றால் என்ன என்பதற்கே இலக்கணம் வகுத்தது. சம்மதம் நிர்ப்பந்தமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்க வேண்டும். மௌனம் சம்மதம் ஆகாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும்.

இங்கே வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு தளமும் பெட்டி வைத்தே தீர வேண்டும் என்று இந்தச் சட்டங்களில் எங்கும் சொல்லவில்லை. நாம் கேட்ட சேவையைத் தருவதற்கு இன்றியமையாத குக்கீகளுக்கு, அதாவது உள்நுழைவுக்கும் கூடைக்கும் வேண்டியவற்றுக்கு, சம்மதம் கேட்க வேண்டியதே இல்லை. அதற்கு அப்பால் நம்மைப் பின்தொடர விரும்புகிறவர்களே கேட்டாக வேண்டும். பின்தொடராத தளத்துக்குப் பெட்டியே தேவையில்லை என்பதை, மென்பொருள் எழுதுகிறவர்கள் உலகெங்கும் உபயோகிக்கும் கிட்ஹப் என்ற தளம் 2020 டிசம்பரில் நிரூபித்துக் காட்டியது. அவசியமற்ற குக்கீகள் அனைத்தையும் அது எடுத்துவிட்டது. அதனோடு பெட்டியையும் எடுத்துவிட்டது. ஆகவே, பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சட்டத்தைத் திட்டுகிறவர்கள், திட்ட வேண்டியவரை விட்டுவிட்டு வேறொருவரைத் திட்டுகிறார்கள்.

சட்டம் கேட்கச் சொன்னது உண்மை; கேட்கும் விதத்தை வியாபாரம் அமைத்துக்கொண்டது. இப்பெட்டிகளைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் தோன்றின. ஏற்பதற்கு ஒரு பொத்தான், மறுப்பதற்கோ மூன்று பக்கங்கள் தாண்டி ஒரு மூலை. ஏற்கும் பொத்தானுக்கு நீல நிறம், மறுக்கும் சொல்லுக்குச் சாம்பல் நிறம். முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டங்கள். 'எங்கள் பங்காளிகள்' என்ற தலைப்பின் கீழ் நூற்றுக்கணக்கில், சில தளங்களில் ஆயிரத்துக்கும் அதிகமாக, முன்பின் கேட்டறியாத கம்பெனிகளின் பெயர்கள். இத்தகைய தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் சூட்டினார்.

இவற்றின் பலன் என்ன என்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் அதிகமாகப் பார்க்கப்படும் 10,000 தளங்களில், பெட்டி தயாரிக்கும் முதன்மையான ஐந்து கம்பெனிகளின் அமைப்புகளைப் பரிசீலித்து 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளையாவது நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். அதே ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனையில், மறுக்கும் பொத்தானை முதற்பக்கத்திலிருந்து எடுத்துவிட்ட மாத்திரத்தில் சம்மதிக்கிறவர்களின் விகிதம் 22 முதல் 23 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. மக்களின் அபிப்பிராயம் மாறவில்லை. பொத்தானின் இடம்தான் மாறியது. இப்படிப் பெறுவதைச் சம்மதம் என்று அழைப்பது நியாயமாகுமா?

ஆகாது என்று ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் தேதி ஒரு தீர்ப்பில் கூறிவிட்டது. பிளானெட்49 என்ற ஜெர்மானியக் கம்பெனி, குலுக்கல் பரிசுப் போட்டி ஒன்றில் சேர்வதற்கான படிவத்தில், குக்கீக்குச் சம்மதம் என்ற கட்டத்தைத் தானே குறியிட்டு வைத்திருந்தது. வேண்டாம் என்கிறவர் குறியை அழிக்க வேண்டும். நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த அவ்வழக்கில், குறியை அழிக்காமல் விட்டதனால் ஒருவர் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். ஆஸ்திரிய வழக்கறிஞர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் நிறுவிய நாய்ப் என்ற அமைப்பு, 2021 மே மாத முடிவில், விதிக்கு மாறான பெட்டிகளை வைத்திருந்த 500க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குப் புகார் வரைவுகளை அனுப்பி, ஒழுங்குபடுத்திக்கொள்ளாவிட்டால் அதிகாரிகளிடம் போவோம் என்று எச்சரித்தது. பிரான்ஸ் தேசத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல்., ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வைத்திருந்த குற்றத்துக்காக, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பாவில் கூகுளின் பெட்டியில் 'ரிஜெக்ட் ஆல்' என்ற பொத்தான் வந்து சேர்ந்தது. எத்தனையோ வருஷமாகச் செய்ய இயலாத காரியம், அபராதம் விழுந்த மூன்று மாதத்தில் இயன்றுவிட்டது. 2025 செப்டம்பரில் குக்கீ உள்ளிட்ட விவகாரங்களுக்காகக் கூகுளுக்கு மறுபடியும் 32.5 கோடி யூரோவும், ஷீன் என்ற ஆடை வியாபாரத் தளத்துக்கு 15 கோடி யூரோவும் அபராதம் போட்டார்கள்.

அந்நிய தேசத்துச் சட்டத்தால் எழுந்த பெட்டி நம் ஊர்த் திரையில் ஏன் வருகிறது என்றால், உலகெங்கும் வாசகர்களை உடைய தளங்கள் தேசத்துக்கு ஒரு பக்கம் தயாரிப்பதைவிட எல்லோருக்கும் ஒன்றையே காட்டுவது சௌகரியம் என்று கருதுவதால்தான். ஆயினும் இந்த விஷயம் நமக்கு அந்நியமாகவே இருந்துவிடப் போவதில்லை. 2023 ஆகஸ்டில் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிப் படிப்படியாக அமலுக்கு வரும் இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பாகவும், விஷயம் தெரிந்தும், நிபந்தனையின்றியும், தெளிவாகவும் கொடுக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. அதைவிடவும் நமக்கு உவப்பான அம்சம் ஒன்று அதில் உண்டு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்தப் பாஷையிலோ படித்துப் பார்க்கும் வசதியைத் தர வேண்டும் என்பதே அது. தமிழும் அவ்வட்டவணையில் உள்ள பாஷை. இது தவிர, இணைய வியாபாரத்தில் 13 வகை டார்க் பேட்டர்ன்களைத் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

வாசகர்கள் செய்யக்கூடியவை

சட்டம் தன் வேகத்தில் நடக்கட்டும். நாளைக் காலையில் பெட்டி வந்தால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

முதலாவதாக, மறுப்பதனால் நஷ்டம் ஏதுமில்லை என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 'ரிஜெக்ட் ஆல்' என்றோ, 'ஒன்லி நெசஸரி' என்றோ ஒரு பொத்தான் இருந்தால், கூச்சமின்றி அதையே அழுத்தலாம். இன்றியமையாத குக்கீகள் அப்போதும் வேலை செய்யும். உள்நுழைவும் கூடையும் கெட்டுப் போகமாட்டா. விளம்பரங்கள் மறைந்துவிடப் போவதில்லை. நம்முடைய சரித்திரத்தைப் பார்த்து வருவதற்குப் பதிலாக, படிக்கிற பக்கத்தைப் பார்த்து வரும், அவ்வளவுதான். பக்கத்தினுள்ளே பதித்த வீடியோவோ வரைபடமோ சில சமயம் தோன்றாமல் இருக்கலாம். வேண்டுமானால் அதற்கு மட்டும் அப்போது அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்பதை மட்டும் காட்டும் பெட்டிகளில், உள்ளே போனால் பெரும்பாலும் எல்லாம் அணைந்தே இருக்கும்; கீழே 'சேவ்' அல்லது 'கன்ஃபர்ம் சாய்ஸஸ்' என்பதை அழுத்தினாலே மறுத்ததாகிவிடும். அங்கேயும் பெரிதாக மின்னும் 'அக்செப்ட் ஆல்' மீது கை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'லெஜிடிமேட் இன்ட்ரஸ்ட்' என்று ஒரு பிரிவு இருந்தால் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. சம்மதமே இல்லாமல் தமக்கு நியாயமான பிரயோஜனம் உண்டு என்ற வாதத்தின்பேரில் கம்பெனிகள் தாமே இயக்கி வைத்திருக்கும் விசைகள் அங்கே இருக்கும். 'அப்ஜெக்ட் ஆல்' என்பதை அழுத்தி அவற்றை அணைத்துவிடலாம்.

மூன்றாவதும் முதன்மையானதுமான காரியம், தளத்துக்குத் தளம் மறுத்துக்கொண்டிராமல் உலாவியிலேயே ஒரு முறை மறுத்துவிடுவது. குரோம் உலாவியில் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் விசை இருக்கிறது. அதை நாம்தான் போட வேண்டும். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் அவற்றைத் தானாகவே முழுவதும் தடுத்துவருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே அடைத்து வைத்து, ஒரு தளத்தில் பெற்ற எண்ணை மற்றொன்றில் காட்ட முடியாமல் செய்துவிட்டது. இவ்விதம் செய்துவிட்டால், அவசரத்தில் கை தவறி ஏற்கும் பொத்தானை அழுத்திவிட்டாலும் பெரும் பாதகம் விளையாது.

நான்காவதாக, பெட்டியையே காண விரும்பாதவர்களுக்கு உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகள் உண்டு. இவற்றில் இருவகை இருப்பதை அறிய வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கன்சென்ட்-ஓ-மாட்டிக் போன்றவை, நாம் முன்கூட்டிச் சொல்லி வைத்தபடி பெட்டியில் நமக்காக மறுத்துவிடுகின்றன. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பியின் குக்கீ அறிவிப்புப் பட்டியலும், பிரேவ் உலாவியில் உள்ள வசதியும் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. ஐரோப்பாவில் பெட்டியை மறைத்தால் சம்மதம் கொடுக்கவில்லை என்றே பொருள்; நம் தேசத்திலோ பெட்டியில் ஒன்றும் சொல்லாவிட்டாலும் குக்கீயை வைத்துவிடும் தளங்கள் உண்டு. ஆகையால் மூன்றாம் தரப்பைத் தடுத்த பிறகே மறைக்கும் கருவியை நாட வேண்டும். குறைகளைத் தீர்ப்பதாகச் சொல்லி யாரோ எழுதிய கருவியையெல்லாம் சேர்த்துக்கொள்வதும் தவறு. நாம் பார்க்கும் பக்கங்களை எல்லாம் அதுவும் பார்க்கும் அல்லவா?

மறுத்த தளமே மறுநாளும் கேட்கிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்ற நம் பதிலை நினைவில் வைப்பதற்கும் தளத்துக்கு ஒரு குக்கீ வேண்டும். உலாவியை மூடும்போதெல்லாம் குக்கீகளை அழிக்கிறவருக்கும், ரகசியச் சாளரத்தில் படிக்கிறவருக்கும் அந்தப் பதிலும் சேர்ந்து அழிந்துவிடுவதால், பெட்டி புதிதாக வந்துகொண்டே இருக்கும். அதற்கு மாற்று, எல்லாவற்றையும் அழிப்பதன்று; மூன்றாம் தரப்பை மட்டும் தடுப்பதே.

பணமா, சம்மதமா?

இவ்வளவையும் கேட்டபின், விளம்பரம் இல்லாமல் பத்திரிகைகளும் தளங்களும் எவ்விதம் ஜீவிக்கும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சில ஐரோப்பியப் பத்திரிகைகள், பின்தொடர்வதற்குச் சம்மதி, அல்லது மாதச் சந்தா கட்டு என்ற இரண்டே வழிகளை வாசகருக்கு வைத்தன. 2023 நவம்பரில் மெட்டா கம்பெனியும் பேஸ்புக்குக்கும் இன்ஸ்டகிராமுக்கும் அதே ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தது. அது விதிக்குப் பொருந்தாது என்று தீர்மானித்து, ஐரோப்பிய கமிஷன் 2025 ஏப்ரலில் அக்கம்பெனிக்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. மாறாக, விளம்பரம் இருப்பதற்கும் உளவு இருப்பதற்கும் சம்பந்தம் கட்டாயமில்லை என்பதற்கு நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமான என்.பி.ஓ. ஓர் உதாரணம். 2020 ஜனவரி முதல் அதன் தளங்களில் பின்தொடரும் குக்கீகளை நிறுத்திவிட்டு, பார்க்கும் நிகழ்ச்சிக்கு ஏற்ற விளம்பரங்களை மட்டும் போடத் தொடங்கினார்கள்; தொடக்க மாதங்களில் விளம்பர வருமானம் குறைவதற்குப் பதிலாகக் கூடியதைக் கண்டார்கள். எல்லாத் தளங்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், வேறு வழியே இல்லை என்ற வாதம் அதனால் வலுவிழந்துபோயிற்று.

உண்மையான பரிகாரம், ஆரம்பத்தில் தவறவிட்ட இடத்திலேயே இருக்கிறது. என்னைப் பின்தொடராதே என்று உலாவியே எல்லாத் தளங்களுக்கும் ஒரு சமிக்ஞை அனுப்பும் 'டூ நாட் டிராக்' என்ற ஏற்பாட்டை 2011 முதல் உலாவிகள் ஏற்றுக்கொண்டன. அதை மதிக்கத் தளங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாமற்போனதால் பெரும்பாலான விளம்பரக் கம்பெனிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதை வகுத்த குழுவும் 2019இல் கலைந்தது. அதன் வாரிசாக 2020இல் தோன்றிய 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்ற சமிக்ஞைக்குக் கலிபோர்னியாவின் சட்டம் பலம் கொடுத்திருக்கிறது. அதை மதிக்காமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் செஃபோரா என்ற அழகுசாதனக் கம்பெனி 2022இல் 12 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது; 2027 முதல் ஒவ்வோர் உலாவியிலும் இப்படியொரு விசை இருக்க வேண்டும் என்றும் அங்கே சட்டம் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய கமிஷனும் 2025 நவம்பரில் முன்வைத்த திருத்த மசோதாவில், மக்கள் தங்கள் விருப்பத்தை உலாவியில் ஒரு முறை சொன்னால் தளங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற யோசனையைச் சேர்த்திருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில், மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு வருஷத்தில் ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் வாக்களித்த குரோம், தவணை மேல் தவணை சொல்லி, 2024இல் அந்த வாக்கைக் கைவிட்டது. உலாவியை நடத்துகிற கூகுளே விளம்பர வியாபாரத்தையும் நடத்துகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சம்மதம் என்பது அரிதாகக் கேட்கப்பட்டு, யோசித்துக் கொடுக்கப்படும்போதுதான் மதிப்புடையது. ஒரு நாளைக்குப் பல தடவை, அவசரமான வேளையில், புரியாத பாஷையில், மறுக்கும் வழியை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்கப்படும் சம்மதம், வெறும் சடங்காகவே முடியும். அந்தச் சடங்கில் கலந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கு இல்லை. ஆகையால், இதைப் படித்து முடித்த கையோடு உங்கள் செல்போனிலும் கணினியிலும் உலாவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். இவற்றில் பழக்கமில்லாத வீட்டுப் பெரியவர்களின் செல்போனிலும் அவ்வாறே செய்து கொடுங்கள். இனி வரும் பெட்டிகளில் மறுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அறிவிப்பைத் தமிழில் காட்டு என்று கேட்கும் உரிமை சட்டப்படி அமலுக்கு வரும் நாளில், அதைக் கேட்டு வாங்கவும் தயங்க வேண்டாம்.